நுரைப் பூச்சு: கூரைக்கா, சுவருக்கா?

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஊர்களில் கீற்று வீடுகள் குறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகி வருகின்றன. 2011 ஆம் ஆண்டு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடியிலும், 2024 இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியிலும் தளம் போட்ட வீடுகள் எழும்பின. 2011 டிசம்பரில் 'தானே', 2020 நவம்பரில் 'நிவர்', 2024 நவம்பரில் 'ஃபெஞ்சல்' என்று அடுத்தடுத்துப் புயல்களைப் பார்த்த மக்களுக்குத் தளம் போட்ட வீடு பெரும் நிம்மதி. ஐப்பசி, கார்த்திகையில் அந்த வீட்டில் அச்சமின்றி உறங்கலாம். சித்திரை, வைகாசியில்தான் உறங்க முடிவதில்லை. பகலெல்லாம் காய்ந்த தளம் நடு இரவு வரை அனலைக் கீழே இறக்கிக் கொண்டிருக்கும்.

அனுமந்தை பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் இது பற்றிக் கேட்டிருக்கிறார். அவருக்கு 300 சதுர அடி தளம் போட்ட வீடு. பக்கத்தில் தகரக் கொட்டகையில் இரண்டு கலப்பினக் கறவை மாடுகள். வெப்பத்தைத் தடுக்கும் நுரையைக் கூரைக்கும், நான்கு சுவருக்கும், கொட்டகைக்கும் சேர்த்து அடித்தால்தான் முழுப் பலன் என்று ஒருவர் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டு நகையை அடகு வைத்துச் செய்யலாமா என்பது அவருடைய கேள்வி. நகை அடகு என்று வந்துவிட்டதால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நுரை என்பது என்ன?

வியாபாரிகள் 'பஃப்' என்று சொல்வது பாலியூரித்தேன் நுரையை. 1937 இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற இரசாயன அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டுபிடித்த பொருள் இது. ஐஸ் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, மீன் குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றின் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் நிறக் கட்டியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதையே இரண்டு திரவங்களாகக் கொண்டு வந்து, துப்பாக்கி போன்ற கருவியில் ஒன்றாகக் கலந்து பீய்ச்சுகிறார்கள். சில விநாடிகளில் அது பொங்கி, பிடித்து, இறுகிவிடும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மூடிய அறை நுரை. இதனுள்ளே உள்ள சிறு குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியிருக்கும். கையால் அழுத்தினால் கட்டியாக இருக்கும். நீர் எளிதில் ஏறாது. மற்றொன்று திறந்த அறை நுரை. இதன் குமிழ்கள் உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். மெத்தை போல் அமுங்கும். கடற்பஞ்சு போல் நீரை வாங்கிக்கொள்ளும். விலை குறைவு, அதிகமாகப் பொங்கும் என்பதற்காக இரண்டாவது வகையைச் சொல்பவர்கள் உண்டு. மழையும் உப்புக் காற்றும் படும் இடத்தில் அதைத் தொடவே வேண்டாம். உப்பளக் கரையில் வெளிப்புறத்துக்கு மூடிய அறை நுரை ஒன்றே தகும்.

வெப்பத்தைத் தடுப்பதில் இந்த நுரை கெட்டிக்காரப் பொருள்தான். மூடிய அறை நுரை ஓர் அங்குலம் தடுக்கிற வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால் சுமார் 5 அடி கனம் தேவைப்படும். அதே வேலையை நெருக்கி வேய்ந்த பனையோலை சுமார் 3 அங்குலத்தில் செய்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் பாட்டன்மார் முக்கால் அடி கனத்தில் ஓலை வேய்ந்தார்களே, அது சும்மா இல்லை.

வெயில் எங்கே விழுகிறது?

கூரையா சுவரா என்ற கேள்விக்கு விடை வெயிலிடமே இருக்கிறது. மரக்காணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 பாகையில் உள்ளது. சித்திரை 10 ஆம் தேதியை ஒட்டியும், மறுபடி ஆவணி முதல் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இந்த நான்கு மாதமும் காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை வெயிலைத் தாங்குவது கூரைதான். கிழக்குச் சுவருக்குக் காலை இளவெயில். தெற்குச் சுவருக்கு மார்கழி, தை மாதங்களில்தான் நல்ல வெயில். அப்போது அது தொல்லையில்லை. வடக்குச் சுவருக்கு மிகக் குறைவு. மேற்குச் சுவர் ஒன்றுதான் பிற்பகல் வெயிலை நேரே வாங்கி, விளக்கு வைத்த பிறகு அதை உள்ளே விடுகிறது.

நான்கு சுவருக்கும் நுரை அடிப்பது குளிர் நாடுகளின் வழக்கம். அங்கே வீட்டுக்குள் அடுப்பு மூட்டிச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூடு கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் எல்லாப் பக்கமும் ஓடப் பார்க்கும். ஆகவே அவர்கள் வீட்டையே போர்வை போர்த்துவது போல் மூடுகிறார்கள். நமக்குச் சூடு மேலிருந்து வருகிறது. நமக்குக் குடை போதும். இன்னும் சொல்லப் போனால், குளிர்சாதன இயந்திரம் இல்லாத வீட்டில் சுவரையெல்லாம் நுரையால் மூடினால், அடுப்புச் சூடும் ஆட்களின் உடற்சூடும் இரவில் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும்.

கணக்கையும் பாருங்கள். 20 அடிக்கு 15 அடி வீட்டின் கூரை 300 சதுர அடி. நான்கு சுவர்களின் சுற்றளவு 70 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 700 சதுர அடி. கதவு, சன்னல் கழித்தாலும் கூரையைப் போல் இரு மடங்குக்கு மேல். ஆக, விலை சொன்ன தொகையில் மூன்றில் இரண்டு பங்கு, வெயில் குறைவாக விழும் இடத்துக்குப் போகிறது.

உப்புச் சுவருக்கு நுரை கூடாது

உப்பளக் கரையில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் பக்கத்துச் சுவர்களில் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூச்சு பொரிந்து, வெள்ளையாகப் பூத்து, தட்டினால் கொட்டுவதை எல்லோரும் அறிவர். நிலத்தடி உவர்நீர் செங்கலின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. காற்றிலும் உப்பு வந்து படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலுள்ள நீரையே இழுத்துக் கசியத் தொடங்கும். அஞ்சறைப் பெட்டி உப்பு மழைக்காலத்தில் நீர்விடுவது போலத்தான் சுவரும். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டிவிடும். இரவில் நனைந்து பகலில் உலர்ந்து, உலரும்போதெல்லாம் உப்பு படிகமாகி, அந்தப் படிகம் பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது.

இத்தகைய சுவரின் மேல் மூடிய அறை நுரையை அடித்தால் சுவர் மூச்சு விடும் வழி அடைபடும். கீழிருந்து ஏறும் ஈரம் அந்தப் பக்கம் உலர முடியாமல், உலர இடம் தேடி இன்னும் மேலே ஏறும். இடுப்பளவில் இருந்த பொரிவு தோளளவுக்கு வரும். நுரைக்குப் பின்னால் நடப்பது கண்ணுக்கும் தெரியாது. நுரை பிடித்திருக்கும் பூச்சே உதிர்ந்து, ஓரிரு ஆண்டில் பாளம் பாளமாகக் கையோடு வந்துவிடவும் கூடும்.

சுவருக்கு வேண்டியது வேறு வைத்தியம். புதிதாகக் கட்டுபவர்கள் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தடுப்புப் பட்டை போடாமல் மேலே எழுப்பக் கூடாது. மணலும் நீரும் உப்பில்லாதவையாக இருக்க வேண்டும். இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கழிநீரையும் உவர்க்கிணற்று நீரையும் இதற்குப் பயன்படுத்துவது வீட்டுக்குள் நோயை விதைப்பது போல. பழைய சுவரில் பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்து, நன்னீரில் கழுவிக் காயவிட்டு, சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புச் சாந்து பூசினால் சுவர் உலர வழி கிடைக்கும்.

மேற்குச் சுவருக்கு நிழல்தான் மருந்து. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு கீற்றுத் தட்டியோ, தாழ்வாரமோ போதும். நிரந்தரமாக வேண்டுமென்றால் பூவரசு நடலாம். உப்புக் காற்றைத் தாங்கும் மரம். தழை ஆட்டுக்கும் ஆகும். வேரும் கிளையும் சுவரில் இடிக்காமல் இருக்கப் பத்தடி தள்ளி வைக்க வேண்டும்.

கூரைக்கு நுரை அடிப்பவர் கவனிக்க வேண்டியவை

கூரைக்கு நுரை அடிக்கலாமா? வசதியுள்ளவர் அடிக்கலாம். அதற்கு முன் தளத்தின் அடிப்புறத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். காறை விழுந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா, கம்பி ஓடும் வழியே நீளமாக விரிசல் உள்ளதா? உப்பு ஏறித் துருப்பிடிக்கும் கம்பி இரு மடங்குக்கு மேல் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இந்த நிலையில் மேலே நுரை அடிப்பது புண்ணை மூடிக் கட்டுவது போலாகும். துருவைச் சுரண்டி, பழுது பார்த்த பிறகே மற்ற வேலை.

பழைய முறையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3 அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துத் தட்டி, மேலே தட்டோடு பதிப்பார்கள். நல்ல முறை, இன்றும் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 300 சதுர அடிக்கு அதன் பாரம் சுமார் 4 டன். நுரையோ 2 அங்குல கனத்துக்கு 60 கிலோ அளவில் முடிந்துவிடும். கம்பி வலுவிழந்த பழைய தளத்தில் பாரம் ஏற்ற முடியாதபோது நுரைக்கு இது ஒரு பெரிய சாதகம். ஒழுக்கையும் அது அடைக்கும்.

நுரை வெயிலைத் தடுக்கும், வெயிலைத் தாங்காது. நேர்வெயில் பட்டால் பழுப்பேறி மாவாக உதிரும். ஆகவே மேலே வெள்ளைக் காப்புப் பூச்சோ, வலை வைத்த சிமெண்ட் சாந்தோ கட்டாயம். பூச்சு மட்டும் உள்ள தளத்தில் கடலைக்காய் காயப்போட, கருவாடு உலர்த்த, மிளகாய் பரப்ப முடியாது. காலடி பட்டால் பள்ளம் விழும், காக்கை கொத்தும். மொட்டை மாடியைக் களமாகப் பயன்படுத்துபவர் சாந்து போட்டே ஆக வேண்டும். ஓர் அங்குலச் சாந்துக்கு மேலும் ஒன்றரை டன் வரை பாரம் சேரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடிக்கும் நேரம் முக்கியம். தளத்தில் பனி ஈரம் இருந்தால் நுரை ஒட்டாது. பிற்பகல் கடற்காற்று எழுந்துவிட்டால் துளிகள் பறந்து பக்கத்து வீட்டுச் சுவர், மாடு, துணி எல்லாவற்றிலும் ஒட்டும். ஆக, பனி உலர்ந்த பிறகு காற்று எழும்பும் முன் உள்ள சில மணி நேரமே நல்ல நேரம். முதல் நாள் தளத்தை நன்னீரால் கழுவி உப்பு நீக்கிக் காயவிட வேண்டும். ஒரே வீச்சில் கனமாக அடிக்கவிடக் கூடாது. ஓர் அங்குலம் அடித்து, ஆறவிட்டு, அடுத்த அங்குலம் அடிக்க வேண்டும். அடிக்கும்போது எழும் ஆவி நுரையீரலைத் தாக்கும். ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. வீட்டாரும் கால்நடைகளும் அன்று முழுவதும், இரவு உட்பட, அங்கே இருக்கக் கூடாது. அடிப்பவர் முகக்கவசமின்றி வந்தால் அவருக்குத் தொழில் தெரியாது என்று பொருள். நுரையைப் பொங்க வைக்க முன்பு பயன்பட்ட ஓசோனைக் கெடுக்கும் எச்.சி.எஃப்.சி. 141 பி என்ற இரசாயனம் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. மலிவு என்று யாராவது பழைய சரக்கைக் கொண்டு வந்தால் ஏற்க வேண்டாம்.

சரக்கின் தரத்தை விவசாயியே சோதிக்கலாம். கூரைக்கு அடிக்கும் நுரை ஒரு கன மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2 அங்குல நுரையிலிருந்து, அதாவது 5 செ.மீ. கனத்தில், 20 செ.மீ. நீளம் 10 செ.மீ. அகலம் வெட்டி எடுத்தால் சரியாக ஒரு லிட்டர் பருமன். நகைக்கடைத் தராசில் அது 40 கிராமாவது நிற்க வேண்டும். 25, 30 என்று காட்டினால் சரக்கு லேசு. அதே துண்டை ஓர் இரவு நீரில் அமுக்கி வைத்து, மேல் ஈரத்தைத் துடைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை பல மடங்கு ஏறியிருந்தால் அது திறந்த அறை நுரை. கனத்தைச் சோதிக்க மெல்லிய கோணி ஊசியால் பத்து இடத்தில் குத்திப் பார்க்கலாம். குத்திய துளைகளைக் காப்புப் பூச்சுக்கு முன் அடைத்துவிட வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு ஒப்புக்கொண்டால்தான் முன்பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நகையை வைக்குமுன்

இவ்வளவும் சொன்ன பிறகு, கேள்வி கேட்ட அன்பருக்கு என் யோசனை: நகையை வைக்க வேண்டாம். சுவரை விட்டுவிடுங்கள். கூரைக்கும் இந்த ஆண்டு நுரை வேண்டாம். முதலில் வெள்ளையடித்துப் பாருங்கள்.

புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, விழும் வெயிலில் முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். கறுத்த பழைய சிமெண்ட் தளம் அதில் பாதியைக்கூடத் திருப்புவதில்லை. இதை ஏழைகளின் வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். தெலங்கானா அரசு 2023 இல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. ஆமதாபாத் நகரிலும் கோடை வெப்பத்துக்கு எதிராகக் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடித்தார்கள். நீற்றிய சுண்ணாம்பை நன்னீரில் கரைத்து, ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பசை சேர்த்து, தளத்தை நனைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வெண்மை கூடும். சுண்ணாம்பு ஒட்டுவதற்காக ஒரு பிடி உப்புப் போடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. கம்பி வைத்த தளத்துக்கு அதைச் செய்யவே கூடாது. கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதே அந்த உப்புத்தான். மழை விட்ட பிறகு தை மாதத்தில் அடித்தால் கோடை முழுவதும் நிற்கும். கூரை நீரைச் சேமிப்பவர்கள் வெள்ளையடித்த பின் வரும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் இருக்க வேண்டும்.

அதற்கும் மேல் வேண்டுமானால் மாசியில் மொட்டை மாடியில் நாலடி உயரத்தில் சவுக்குக் கழி நட்டுக் கீற்றுப் பந்தல் போடலாம். சவுக்கும் கீற்றும் நம் ஊரிலேயே கிடைப்பவை. புரட்டாசி முடிவதற்குள் பிரித்துவிட வேண்டும். புயல் நாளில் பறக்கும் கழி அடுத்த வீட்டாருக்கு ஆபத்து.

மாட்டுக் கொட்டகையின் தகரத்துக்கு அடியில் நுரை அடிப்பதை நான் அறவே மறுப்பேன். மாலையில் கொசுவுக்கு மூட்டம் போடுகிறோம். ஒரு பொறி பறந்து நுரையில் பற்றினால், நெருப்பைவிட அதன் நச்சுப் புகை முந்திக்கொள்ளும். கட்டிய மாடு என்ன செய்யும்? நுரைக்குள் எலியும் எறும்பும் பொந்து வைக்கும். கோழிக் கொட்டகையானால் கோழியே கொத்தித் தின்னும், வண்டும் துளைக்கும். நுரை தகரத்தைப் பிடித்துக்கொள்வதால் புயலுக்கு அசையாது என்று சொல்வாரும் உண்டு. ஓரளவு பிடிப்பு இருக்கலாம். ஆனால் கொக்கி ஆணியும் குறுக்குச் சட்டமும் செய்யும் வேலையை நுரை செய்யாது.

கொட்டகைக்குத் தகரத்தின் மேல் கீற்று வேயுங்கள். கீற்றைத் தகரத்தோடு ஒட்டிப் போட்டால் உப்பு ஈரம் தேங்கித் தகரம் விரைவில் ஓட்டையாகும். மூங்கில் பிளாச்சு வைத்து நான்கு விரற்கடை இடைவெளி விட்டு மேலே வேய வேண்டும். அந்த இடைவெளியில் காற்றும் ஓடும். கல்நார் ஓடு போட்டவர்கள் அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குக் கெடுதல். நீர் தெளித்துப் பாசி துடைத்து வெள்ளையடித்தால் போதும். கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் வெயில் உள்ளே விழாது. தென்கிழக்குக் கடற்காற்றும் பக்கவாட்டில் நுழையும். ஓரக் கூரை 8 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். நம் நாட்டு மாடு தாங்குகிற வெப்பத்தைக் கலப்பின மாடு தாங்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்க ஆரம்பித்தாலே தீனியும் பாலும் குறையத் தொடங்கிவிட்டது என்று அறிய வேண்டும்.

சுவருக்கும் நுரை வேண்டிய ஓர் இடம் உண்டு. காய்கறி, பழம், மீன் வைக்கும் குளிர் அறை கட்டுவதானால் கதை தலைகீழ். அங்கே உள்ளே குளிர், வெளியே வெப்பம். குளிர்நாட்டு வீட்டைப் போல எல்லாப் பக்கமும் மூட வேண்டும். கூரை, நான்கு சுவர், தரை ஆறு பக்கத்துக்கும் மூடிய அறை நுரை 3 முதல் 4 அங்குலம் வரை வேண்டும். ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருவதால் நீராவித் தடுப்பு உறை நுரையின் வெளிப்பக்கத்தில் வர வேண்டும். உட்பக்கம் நுரை தெரியாமல் தகடோ சாந்தோ போட்டு மூட வேண்டும். தர்பூசணி பயிரிடும் நாலைந்து பேர் சேர்ந்து இப்படி ஒன்று கட்ட நினைத்தால், வேலை தொடங்கும் முன் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் மானியம் பற்றிக் கேட்டு, அனுமதி பெற்றுக்கொள்வது அவசியம். கட்டி முடித்த பிறகு போனால் மானியம் கிடைப்பது அரிது.

விதைக் கடலைக்குக் குளிர் அறை தேவையில்லை. ஈரம் 8 சதவீதத்துக்கு மிகாமல் காயவைத்து, தோலுடனேயே மூட்டை கட்டி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி மரச்சட்டத்தின் மேல் அடுக்கலாம். உப்புச் சுவரில் சாய்த்து வைத்த மூட்டைதான் முதலில் முளைப்புத் திறன் இழக்கும். வெள்ளையடித்த கூரையின் கீழ், கிழக்கு ஓரத்து அறையே இதற்கு ஏற்றது.